க்யூபிட்டுக்குத் துடிப்பு வடிவமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் தமிழ் ஆய்வு மாணவர்களுள் ஒருவர் சென்ற மாதம் மடிக்கணினியைத் திறந்து, "கணக்குப்படி துல்லியம் 99.99 விழுக்காடு அண்ணா, சிப்பில் போட்டால் 99-ஐத் தாண்டவில்லை" என்றார். க்யூபிட்டை, அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகை, இயக்குவதற்காகத் திரையில் வரைந்திருந்த 20 நானோவினாடித் துடிப்பு, ரம்பப் பற்களைப் போல நானோவினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. அந்தப் பற்களே பாதி விடையைச் சொல்லிவிட்டன.

கிரேப் என்னும் உகந்த கட்டுப்பாட்டு முறை 2005-இல் அணுக்காந்த ஒத்ததிர்வுத் துறைக்காக வெளியானது. அது துடிப்பைச் சிறு படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியின் உயரத்தையும் தனித்தனியே திருத்துகிறது. ஆனால் அறை வெப்பநிலையில் புறப்படும் அலை, குளிர்பதனியின் ஏறத்தாழ 10 மில்லிகெல்வின் தட்டை அடைவதற்குள் கம்பிகள், தணிப்பிகள், வடிகட்டிகள் அனைத்தையும் கடப்பதால், கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிடுகின்றன. க்யூபிட்டின் அதிர்வெண்ணை மாற்றும் காந்தப்பாயத் துடிப்பாக இருந்தால், முடிந்த பிறகும் அதற்கு நீண்ட வால் இருக்கும். கணினி வரைந்த வடிவமே க்யூபிட்டையும் எட்டுகிறது என்று நம்புவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். குளிர்ந்த சிப்பின் அருகே அலைகாட்டியை வைக்க இயலாது என்பதால், க்யூபிட்டையே அளவியாக்கி, துடிப்புக்குப் பின் அதன் கட்டம் (அலைநிலைக் கோணம்) எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துத் தடத்தின் இயல்பை அறிந்து, அதையும் அலைப்பட்டை வரம்பையும் உகப்பாக்கலுக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும்.

டிரான்ஸ்மான் என்னும் மீக்கடத்திக் க்யூபிட்டை 0, 1 என்ற இரு நிலைகள் மட்டும் உடையதாகக் கொள்வதும் அடிக்கடி நேர்வது. 0-க்கும் 1-க்கும் உள்ள ஆற்றல் இடைவெளி அதிர்வெண்ணில் சுமார் 5 கிகாஹெர்ட்ஸ் என்றால், 1-க்கும் 2-க்கும் உள்ளது அதைவிட 200 முதல் 300 மெகாஹெர்ட்ஸ்தான் குறைவு. துடிப்பைக் குறுக்கக் குறுக்க அதன் அலைப்பட்டை விரிந்து, இரண்டாம் இடைவெளியையும் தொட்டு, க்யூபிட் நிலை 2-க்குக் கசிகிறது. 2009-இல் முன்மொழியப்பட்ட டிராக் முறை, துடிப்பின் உறைவடிவம் மாறும் வேகத்தை (வகைக்கெழுவை) 90 பாகைக் கட்டத்தில் சேர்த்து இதைத் தணிக்கிறது. கசிவைக் குறைக்கும் கெழுவும் கட்டப் பிழையைக் குறைக்கும் கெழுவும் ஒன்றல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் ஒருசேரக் குறைக்க, இயக்கும் அதிர்வெண்ணையும் சற்றே நகர்த்த வேண்டியிருக்கிறது.

க்யூபிட்டின் அதிர்வெண் நாளுக்கு நாள் சிறிது விலகும். ஆகவே ஒற்றை அதிர்வெண்ணுக்கு உகப்பாக்காமல், அதைச் சுற்றிய ஒரு வரம்பு முழுவதற்கும் உகப்பாக்குவது நல்லது. மாற்றத்தக்க அளவுருக்கள் நூறு உள்ள துடிப்பை ஆய்வகத்தில் அடிக்கடி மறுசீரமைப்பது மிகக் கடினம். நான்கைந்து அளவுருக்கள் உள்ள மென்மையான வடிவமே கைக்கு அடங்கும்.

வாயில்களை, அதாவது க்யூபிட்டின் மீது செய்யும் அடிப்படைச் செயல்களை, சமவாய்ப்பு வரிசைகளில் இயக்கிப் பெறும் சராசரிப் பிழையை மட்டும் பார்த்து நிறைவடையவும் கூடாது. ஒரே திசையில் கூடும் பிழை அதில் கலைந்து மறைகிறது. அதே வாயிலைத் தொடர்ந்து இயக்கினால், ஒருமுறைக்கு அரைப் பாகை மிகுந்த சுழற்சி 100 முறையில் 50 பாகையாகத் திரண்டுவிடும். மாணவரின் துடிப்பிலும் வீச்சுப் பிழை (அலையின் உயரத்தில் உள்ள பிழை) இப்படித்தான் வெளிப்பட்டது.