பழைய டானாய் ஸ்பீக்கரின் தலைமுறையை அறிவது எப்படி?

பிரிட்டனின் டானாய் நிறுவனம் 1947-இல் அறிமுகப்படுத்திய டூயல் கான்சென்ட்ரிக் (தாழ், உயர் ஒலிகளுக்கான இரு பகுதிகளும் ஒரே மையத்தில் அமைந்த) ஸ்பீக்கர்களை வாங்க நினைப்பவர்கள், மரப்பெட்டியை வைத்து அவற்றின் வயதைக் கணிக்கக் கூடாது. ஸ்பீக்கர் மட்டும் தனியாகவும் விற்கப்பட்டதால், பலர் தாங்களே பெட்டி செய்து பொருத்திக்கொண்டார்கள். பின்பலகையைக் கழற்றி, காந்தத்தின் மேலுள்ள உறையின் நிறத்தைப் பார்ப்பதே நம்பகமான வழியாகும்.

கறுப்பு, வெள்ளி, சிவப்பு, பொன் என்ற வரிசையில் அவை வெளிவந்தன. அந்த நிறங்களே மாடல்களின் பெயராகவும் அமைந்தன. சிவப்பின் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு) 15 ஓம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் பரவிய காலத்தில், 1967-இல் வந்த பொன்னுக்கு அது 8 ஓம் ஆகும். ஆகவே ஒன்றின் கிராஸ்ஓவரை (ஒலியைத் தாழ், உயர் பகுதிகளாகப் பிரித்தனுப்பும் மின்சுற்றை) மற்றொன்றுடன் இணைத்து விற்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். உறையின் நிறம் சரியாக இருந்தாலும், பொருந்தாத கிராஸ்ஓவர் ஒலியின் சமநிலையைக் கெடுத்துவிடும்.

பொன்னுக்கு அடுத்து 1974-இல் வந்த எச்.பி.டி. (ஹை பெர்ஃபார்மன்ஸ் டூயல்) வகையை இன்னும் எளிதாக அடையாளம் காணலாம். கூம்பின் பின்புறத்தில் வலுவூட்டும் விலா போன்ற பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். பெயரிலுள்ள 295, 315, 385 ஆகிய எண்கள் முறையே 10, 12, 15 அங்குல அளவுகளைக் குறிக்கும். இவற்றின் விளிம்பு நுரைப்பஞ்சால் ஆனது என்பதால் காலப்போக்கில் பொடிந்து உதிர்ந்துவிடும். விரலால் மிக மெல்லத் தொட்டுப் பார்த்து, உதிர்ந்தால் விளிம்பை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.