ஃபோர்க் உயரத்தில் கை வைக்கும் முன்: பழைய பைக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லாப் பழைய வண்டியிலும் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த இரட்டைக் குழாய்களை, ஏற்றி இறக்க முடியாது. இது தெரியாமல் ஸ்பானரை எடுப்பதுதான் முதல் தவறு. ராஜ்தூத் 350-ல் மேலும் கீழும் உள்ள கிளாம்புகள் குழாயைக் கவ்விப் பிடித்திருக்கும். போல்ட்டைத் தளர்த்தினால் குழாய் நகரும். பழைய புல்லட்டில் குழாயின் தலையில் மரை இருக்கும். ஹெட்லைட்டைத் தாங்கும் வார்ப்புக்குள் அது திருகி இறுக்கப்பட்டிருக்கும். அங்கே ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்த வழியில்லை. பிரிட்டிஷ் வண்டியான நார்ட்டனின் ரோட்ஹோல்டர் ஃபோர்க்கிலும் நகர்த்த வழியில்லை. அதில் குழாயின் தலை கூம்பாக இருக்கும், மேல் மூடி அதை மேல் கிளாம்புக்குள் இழுத்துப் பிடிக்கும்.

குழாயை மேலே தள்ளினால் முன்பக்கம் தாழும், ஃபோர்க் நிமிரும். வண்டி சட்டென்று திரும்பும். ஆனால் வேகத்தில் நேராகப் போகும் உறுதி குறையும். சக்கரங்களுக்கு இடையே 1300 மி.மீ. உள்ள வண்டியில் சுமார் 25 மி.மீ. தள்ளினாலே ஃபோர்க்கின் கோணம் 1 டிகிரி மாறிவிடும். அதனால் ஒரு தடவைக்கு 5 மி.மீ. போதும், ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த 5. தோற்றத்துக்காக ஒரேயடியாக 40 மி.மீ. இறக்குபவர்களிடம் ஒன்றுதான் கேட்கத் தோன்றும்: பள்ளத்தில் ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது மட்கார்டு எங்கே போய் இடிக்கும்? ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தை ஜாக்கியால் கடைசிவரை தூக்கினால் பதில் தெரிந்துவிடும். ஸ்பிரிங்கை எடுக்கக் குழாயின் மேல் மூடியைக் கழற்றும்போது ஜாக்கிரதை, கீழே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். மேல் கிளாம்பைத் தளர்த்திய பிறகே மூடியைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் மரை போய்விடும்.

முன்பக்கம் தொங்குகிறது என்று குழாயைக் கீழே இறக்குவது இன்னொரு தவறு. பல வண்டிகளில் குழாயின் விளிம்பு ஏற்கெனவே மேல் கிளாம்போடு சமமாகத்தான் நிற்கும். அதற்கும் கீழே இறக்கினால் கிளாம்புக்குப் பிடி குறையும். குறை பெரும்பாலும் சோர்ந்துபோன ஸ்பிரிங்கில் இருக்கும். முதலில் அதன் நீளத்தை அளந்து, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

வேலையின்போது சென்டர் ஸ்டாண்டை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் எல்லா போல்ட்டையும் தளர்த்தினால் முன்பக்கம் தொப்பென்று இறங்கும். இரண்டு பக்கமும் வெர்னியர் அளவுகோலால், கிளாம்பின் மேல்பரப்பிலிருந்து குழாயின் விளிம்பு வரை அளக்க வேண்டும். மூடியைச் சேர்த்து அளந்தால் கணக்கு தப்பும், ஏனென்றால் பழைய வண்டிகளில் இரண்டு மூடியும் ஒரே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் இறுக்கும் வரிசை. முதலில் கிளாம்புகள். பிறகு அச்சைக் கவ்வும் போல்ட்டைத் தளர்வாக விட்டு, ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கிவிட்டு அதை இறுக்குங்கள். அலுமினிய மேல் கிளாம்பில் பலத்தைக் காட்டினால் போல்ட் போகும் காது கீறல் விடும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் தொடாமல் இருப்பதே நல்லது.

முன்பக்கம் இறங்கியதும் ஹெட்லைட் வெளிச்சமும் கிட்டத்தில் விழும். இருட்டுவதற்குள் அதையும் சரிசெய்துவிடுங்கள்.