பழைய பெஞ்ச் வைஸ்: பார்த்து வாங்கி, சீர்செய்து, பொருத்துவது எப்படி?

வீட்டில் சின்னதாகப் பட்டறை போட நினைப்பவர்கள் புது வைஸுக்கு (வேலை செய்யும் பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் மேசைக் கருவி) போகும் முன் காயலான் கடையை ஒரு நடை பார்த்துவிடுங்கள். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. வைஸின் உடம்பு கனத்த வார்ப்பிரும்பு. மேலே துரு பிடித்திருப்பதால் பாழாகிவிடாது. தேய்வது தாடையை நகர்த்தும் திருகும், அது ஓடும் நட்டும், தாடைத் தகடுகளும்தான். தகடுகள் பெரும்பாலும் இரண்டு ஸ்குரூவில் நிற்பவை, மாற்றிக்கொள்ளலாம். வீட்டு வேலைக்கு 4 அங்குல அகலத் தாடை தாராளம்.

முதலில் விரிசலைத் தேடுங்கள். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடைந்துவிடும். வெல்டிங் தடம் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும். புது பெயிண்ட் பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அந்த இடத்தில் மண்ணெண்ணெயோ டீசலோ தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும்.

அடுத்து கைப்பிடி. திசை மாற்றித் திருப்பும்போது தாடை நகராமல் கைப்பிடி மட்டும் கால் சுற்று சுற்றினால் பரவாயில்லை. அரைச் சுற்றுக்கு மேல் போனால் மரை தேய்ந்திருக்கிறது. லேத்தில் புது நட்டு கடைய ஆகும் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் திருகை முழுவதும் கழற்றி, நகரும் தாடையை வெளியே இழுங்கள். கனமானது, காலில் விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள். திருகை டீசலும் பிரஷும் கொண்டு கழுவிவிடலாம். துருப்பிடித்த சின்னப் பாகங்களை ஓரிரவு வினிகரில் போட்டு, ஆப்பசோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே ஈரம் துடைத்து எண்ணெய் தடவுங்கள். நாள்கணக்கில் ஊறவிட்டால் வினிகர் இரும்பையே அரித்துவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உப்புத்தாளை நனைத்தே தேய்க்க வேண்டும், தூசி பறக்கக் கூடாது. அப்புறம் துரு தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு, அதன்மேல் விருப்பமான நிறம். திருகின் மரைக்குக் கிரீஸ். தாடை நகரும் பாதையில் எண்ணெய் மெல்லப் பூசினால் போதும். கிரீஸை அப்பினால் இரும்புத் தூள் ஒட்டிக்கொள்ளும்.

பொருத்தும்போது மர ஸ்குரூ வேண்டாம், மேசையைத் துளைத்து போல்ட்டே போடுங்கள். அசையாத தாடை மேசை விளிம்பைவிடச் சற்று வெளியே நிற்கட்டும். நீளமான கம்பியை நெட்டுக்குத்தாகப் பிடிக்க அப்போதுதான் முடியும். தாடையின் மேல்பகுதி உங்கள் முழங்கை உயரத்தில் இருந்தால் அரம் போடத் தோதாக இருக்கும். இறுக்கம் போதவில்லை என்று கைப்பிடியில் பைப் செருகாதீர்கள், சுத்தியலாலும் அடிக்காதீர்கள்.