செயற்குழுவில் இடம் கிடைக்காத மாணவர்களுக்கு

சிங்கப்பூரில் நான் உயர்நிலை மூன்றில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், படிக்கையில் பள்ளியின் இந்திய நடனக் குழுவின் செயற்குழுப் பட்டியலை ஒட்டியபோது அதில் என் பெயர் இல்லை. அன்று பஸ்ஸில் யீஷூன் வந்து சேரும்வரை அழுதேன். இப்போது தொடக்கக் கல்லூரிப் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் எழுத உதவுகிறேன். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் வாடிய முகத்தோடு வந்து, "அக்கா, நான் தலைவி இல்லையே, எதை எழுதுவது?" என்று கேட்கிறார்.

உங்கள் குழுவில் எந்த வேலை திரும்பத் திரும்பத் தடைபடுகிறது என்று முதலில் கவனியுங்கள். எங்களுக்கு அது சலங்கை. பள்ளிக் கலைக்குழுக்கள் பங்கேற்கும் இளையர் விழாவுக்கான பயிற்சியில் ஒவ்வொரு முறையும் கால்மணி நேரம் ஜோடி தேடுவதிலேயே போகும். தோல்பட்டை வியர்வையில் ஊறி, நூல் இற்று, மணிகள் உதிரும். மேடையில் ஒரு மணி உருண்டாலும் வெறுங்காலால் மிதிப்பவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

ஆசிரியரிடம் அனுமதி கேட்டேன். தலைவியிடமும் சொன்னேன்; அவர் வேலையைப் பறிப்பதாகத் தோன்றக் கூடாது, இதை மறந்துவிடாதீர்கள். ஒரு சனிக்கிழமை எல்லாச் சலங்கைகளையும் தரையில் பரப்பி, ஜோடி சேர்த்து, தோலின் உட்புறம் எண் எழுதினேன். உதிர்ந்த மணிகளை ஒரு மைலோ டப்பாவில் போட்டுவைத்தேன். பிறகு உயர்நிலை ஒன்று மாணவியர் இருவருக்கு மெழுகு தடவிய நூலால் மணி தைக்கக் கற்றுக்கொடுத்தேன். நான் பள்ளியை விட்டுப் போகும்போது அவர்கள் தங்களுக்கு அடுத்து வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தனியாகச் செய்து முடிப்பது உழைப்பு. பிறரைப் பழக்கி, நாம் போன பிறகும் நடக்கும்படி விட்டுவருவதைத்தான் நான் தலைமைத்துவம் என்பேன்.

பதவிக்கு மதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். மாணவர் பாடத்துக்கு வெளியே செய்வதைக் குறிக்கும் உயர்நிலைப் பள்ளியின் இணைப்பாட நடவடிக்கைப் பதிவில் பங்கேற்பு, சேவை, சாதனை ஆகியவற்றோடு தலைமைத்துவமும் ஒரு பிரிவு. மிக உயர்ந்த தரம் பெற்றால் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு 2 போனஸ் புள்ளிகள் உண்டு. அதற்கான நிபந்தனைகளைப் பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கும் 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் 10 நடவடிக்கைகள் வரை எழுதலாம். உயர்நிலை மூன்றிலிருந்து செய்தவற்றைச் சேர்க்கலாம். பத்தையும் நிரப்பவேண்டிய கட்டாயம் இல்லை. பெற்றோர் தயவுசெய்து இதை நம்ப வேண்டும். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான் இடம், இடைவெளியும் அதில் அடக்கம். அங்கே "தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன்" என்று எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். "சலங்கைகளுக்கு எண்ணிட்டேன், பழுதுபார்க்க இருவரைப் பழக்கினேன், 15 நிமிடத் தேடல் 2 நிமிடமானது" என்று எழுதுங்கள். இந்த எண்கள் கையில் இருக்க வேண்டுமென்றால் வேலை நடக்கும்போதே தேதியோடு குறித்துவைக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து யோசித்தால் நினைவுக்கு வராது.

பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்கு அந்தக் குறிப்பின் நகலை ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வழக்கமான கெடுவுக்கு முன்பே அனுப்பும் முன்கூட்டிய விண்ணப்பங்கள் பலவற்றுக்கு நவம்பர் 1தான் கடைசி நாள். தொடக்கக் கல்லூரி முடிவில் எழுதும் ஏ நிலைத் தேர்வுப் பரபரப்பில் ஆசிரியரைப் பிடிப்பது கடினம்.