ஜாம் போத்தலில் ஒரு குளம்: பாசி பார்த்துத் தண்ணீரை அறிதல்

மட்டக்களப்பில் பாசி பார்க்கவேண்டும் என்றால் பலரும் வாவிக்கரைக்கே ஓடுகிறார்கள். வாவி உவர்நீர். நன்னீர்ப் பாசிக்குக் குளத்துக்குத்தான் போகவேண்டும்: உன்னிச்சை, உறுகாமம், நவகிரி எதுவும் சரி.

முதல் வேலை தண்ணீர் எடுப்பது. கழுவிய ஜாம் போத்தல்களில் குளக்கட்டோரம் ஒன்றும், வடிச்சல் நீர் வந்து விழும் பக்கம் ஒன்றும் காலையிலேயே எடுங்கள். முக்கால்வாசி நிரப்பினால் போதும், பாசிக்கும் காற்று வேண்டும். முதலை உள்ள குளத்தில் இறங்காமல் கம்பில் வாளி கட்டி மொள்ளுங்கள். இடத்தையும் திகதியையும் அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் எல்லாப் போத்தலும் ஒரே பச்சைதான்.

அடுத்து, ஒரு துளியைக் கண்ணாடி வழுக்கியில் வைத்து நுணுக்குக்காட்டியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்பைரோகைரா தன்னை ஒளிப்பதில்லை: கண்ணாடிக் குழாய்க்குள் பச்சை நாடாவைச் சுற்றி வைத்ததுபோல் கிடக்கும். மஞ்சட்பழுப்பில், தோணி வடிவில், சிலிக்கா ஓட்டோடு இருப்பவை தயற்றங்கள். செந்நிறக் கட்புள்ளியோடு நெளிந்து ஓடுவது ஈயூக்ளினா. ஐயமாக இருந்தால் ஓரத்தில் ஒரு துளி அயடீன் விடுங்கள். பச்சைப் பாசியின் மாப்பொருள் கருநீலமாகும். நீலப்பச்சைப் பாசி அப்படி மாறாது.

இனி எண்ணுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள், அது போதும். பச்சை அடர்த்தி முக்கியமல்ல, எத்தனை வகை என்பதே முக்கியம். பல வகைகள் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தால் நல்ல அடையாளம். உரமும் கழிவும் கொண்டுவரும் நைதரசனும் பொசுபரசும் மிஞ்சினால் ஓரிரு வகைகள் பெருகி மற்றவற்றின் வெளிச்சத்தை மறைத்துவிடும். 1969இல் பால்மர் என்பவர் கழிவைத் தாங்கி வளரும் 20 பாசிப் பேரினங்களுக்குப் புள்ளி கொடுத்தார்: ஈயூக்ளினாவுக்கு 5, நீலப்பச்சைப் பாசியான ஒசிலடோரியாவுக்கு 5, பச்சைப் பாசியான செனடெஸ்மசுக்கு 4. நீங்கள் கண்டவற்றின் கூட்டுத்தொகை 20ஐத் தொட்டால் சேதனக் கழிவு அதிகம். அங்குமிங்கும் ஒன்றிரண்டு கண்டதற்குப் புள்ளி போடாதீர்கள். ஆரம்பத்தில் நானும் அப்படிப் போட்டு நல்ல குளத்தைக் கெட்டது என்று எழுதியிருக்கிறேன்.

மிச்சத் தண்ணீரை ஓர் இரவு ஆடாமல் வையுங்கள். பச்சை அடியில் படியாமல் மேலே ஆடைபோல் மிதந்தால் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் கலங்களுக்குள் வாயு நிறைந்த நுண்பைகள் உண்டு. சில மைக்ரோசிஸ்டிஸ் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும், கொதிக்கவைத்தாலும் அது அழியாது. நஞ்சு உண்டா இல்லையா என்பதை நுணுக்குக்காட்டி சொல்லாது, ஆய்வுகூடம்தான் சொல்லவேண்டும். அந்தப் போத்தலைக் கையுறை இல்லாமல் திறக்காதீர்கள்.