கடைசிப் பருவத்திலிருந்து பின்னோக்கி

பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் நிதி மேலாண்மை எடுக்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. அதற்கு முன் நிதிக் கணக்கியலை முடித்திருக்க வேண்டும். நான் பயந்து அதைத் தள்ளிப்போட்டிருந்தேன்.

சரி என்று ஒரு பெரிய தாளை எடுத்து, கடைசிப் பருவத்தில் வரும் வியூக மேலாண்மையை வலது ஓரத்தில் எழுதினேன். அதற்கு முன் எது தேவை, அதற்கும் முன் எது என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே இடப்பக்கம் வந்தேன். சந்தை ஆய்வு, உற்பத்தி மேலாண்மை இரண்டின் அம்புகளும் புள்ளியியலில் வந்து முட்டின. அந்த ஒரு பாடம் எவ்வளவு தாங்குகிறது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

கணக்கியலையும் புள்ளியியலையும் அடுத்த பருவத்திலேயே வைத்தேன். இரண்டிலும் தினமும் கணக்குப் போட்டாக வேண்டும், அதனால் கூடவே வணிகச் சட்டம் மாதிரி வாசிப்புப் பாடங்களைச் சேர்த்தேன். அப்புறம் தாளை ஆலோசகரிடம் காட்டினேன். அதிலிருந்த ஒரு பாடம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும் என்றார். அதை முன்னே நகர்த்தினேன்.