கார்த்திகையில் மல்லிகைக் கவாத்து

குளிர் இறங்கியதும் மதுரை மல்லி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். கிளைகளை வெட்டிவிடும் கவாத்துக்கு அதுவே ஏற்ற காலம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை ஏறும் நேரத்தில் கிளையை வெட்ட மனம் வராதுதான். ஆனால் பூ, புதுத் தளிரின் நுனியில்தான் அரும்பும்.

நவம்பர் கடைசி வாரத்தில், மழை விட்ட நாளாகப் பார்த்து, தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ., அதாவது முழங்கால் உயரத்தில், கூரிய கத்தரியால் சாய்வாக வெட்டி, காய்ந்த குச்சிகளையும் நோயுற்ற கிளைகளையும் அடியோடு நீக்கிவிட வேண்டும். மழுங்கிய அரிவாள் பட்டையைக் கிழிக்கும். நார் தொங்கும் அந்த முனையிலிருந்து கிளை கருகத் தொடங்கும்.

பிறகு தூரைச் சுற்றிக் கொத்தி, செடிக்கு 10 கிலோ மட்கிய தொழுவுரம் இட்டு மண் அணைக்க வேண்டும். மாடித் தொட்டிக்கு இரண்டு கைப்பிடியே போதும். நீர் தேங்கும் கரிசல் நிலமானால், இவை அனைத்துக்கும் முன்பாக வடிகால் வெட்டிவிடுங்கள். இல்லையேல் வேர் அழுகிவிடும்.